மாமியின் நோட்டும் ஏ.ஐ.யும்: மாதுங்கா பட்சணச் சமையலறையில் ஒன்பது மாதம்

மும்பை மாதுங்கா ஸ்டேஷனில் கிழக்குப் பக்கம் இறங்கி, வாழை இலையும் மல்லிகையும் விற்கிற வரிசையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால் எங்கள் கட்டடம். தரைத்தளத்தில் ஒரு பட்சணச் சமையலறை. கைமுறுக்கு, தேன்குழல், தட்டை, சீடை, அதிரசம், கல்யாணம் என்றால் பருப்புத் தேங்காயும் சீர் முறுக்கும். நடத்துபவர் 63 வயது மாமி. முறுக்கு சுற்ற மூன்று பெண்கள், தாராவியிலிருந்தும் ஆன்டாப் ஹில்லிலிருந்தும் காலை ஆறரைக்கு வந்துவிடுவார்கள். நான் மூன்றாவது மாடி. சாப்ட்வேர் வேலை. மாமிக்கு நான் 'மேலாத்துப் பையன்'. அதனால் போனில் எது கோளாறானாலும் என்னைத்தான் கூப்பிடுவார்.

2025 மே முதல் 2026 பொங்கல் வரை இந்தச் சமையலறையின் விளம்பர வேலையில் ஏ.ஐ.யை எங்கெங்கே நுழைத்தோம், எங்கே அது கவிழ்த்தது, கடைசியில் எதற்கு மட்டும் வைத்துக்கொண்டோம் என்பதை எழுதுகிறேன். இதே மாதிரி கடை நடத்தும் நாலு பேர் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் இருக்கட்டும்.

பிரச்சினை எங்கே இருந்தது

முன்பு மாமியின் வாடிக்கையாளர்கள் கூப்பிடு தூரத்தில் இருந்தார்கள். கிங்ஸ் சர்க்கிள், சயான், மிஞ்சிப் போனால் செம்பூர். பழைய கட்டடங்களை இடித்துக் கட்ட ஆரம்பித்த பிறகு பாதிப் பேர் முலுண்ட், டோம்பிவிலி, நெருல் என்று போய்விட்டார்கள். தெருவில் பார்த்து "மாமி, அடுத்த வாரம் சீமந்தம், ஏழு சுத்து 51 வேணும்" என்று சொல்கிற வழக்கம் போய், போனில் 600 சொச்சம் எண்கள் மட்டும் மிஞ்சின.

இன்னொன்று, வெளியாளுக்குச் சட்டென்று பிடிபடாதது. மாமிக்கு வாடிக்கையாளர் குறைவாக இல்லை. 2024 தீபாவளிக்கு நூற்றுச் சொச்சம் ஆர்டர். அதில் முக்கால்வாசி கடைசி நாலு நாளில் வந்தது. மூன்று பெண்கள் எத்தனை வேகமாகச் சுற்றினாலும் கைமுறுக்குக்கு ஒரு அளவு உண்டு. மாவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே திரித்துக்கொண்டே வட்டம் போட வேண்டும். ஒன்பது சுற்று என்றால் ஒரு முறுக்குக்கே பொறுமை வேண்டும். இருபது பேரையாவது 'முடியாது' என்று திருப்பி அனுப்பினார். அதே வருஷம் ஆடியில் அடுப்பு பாதி நாள் சும்மா கிடந்தது.

ஆக, கூட்டம் சேர்ப்பதைவிட வருகிற கூட்டத்தை முன்னும் பின்னுமாகப் பரத்துவதுதான் தேவை. இது எனக்கு இப்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லை.

முதல் தவறு, ஒன்பதாயிரம் ரூபாய்

மாமியின் மருமகன் அந்தேரிப் பக்கம் ஒரு விளம்பர ஏஜென்சியைப் பிடித்துக் கொடுத்தார். மாதம் 9,000 ரூபாய். 'முழுக்க ஏ.ஐ., நீங்க ஒண்ணுமே செய்ய வேண்டாம்' என்றார்கள். மாமியின் போனிலிருந்த எண்களை எல்லாம் எடுத்துக்கொண்டு, வாட்ஸ்அப் வெப்பில் ஒட்டிக்கொண்டு மொத்தமாகச் செய்தி தள்ளும் ஒரு எக்ஸ்டென்ஷன் வழியாக ஒரே மதியத்தில் எல்லோருக்கும் அனுப்பினார்கள். செய்தி இது:

"அன்பார்ந்த வாடிக்கையாளரே! பாரம்பரியத்தின் மணம், ஆரோக்கியத்தின் சுவை! எங்கள் கைவினைத் தின்பண்டங்களுடன் உங்கள் இனிய தருணங்களைக் கொண்டாடுங்கள். முதல் ஆர்டருக்கு 15% தள்ளுபடி!"

இருபது வருஷமாக வாங்குகிறவர்களுக்கு முதல் ஆர்டர் தள்ளுபடி. கூடவே ஏ.ஐ. வரைந்த ஒரு படம். பளபளவென்று இருந்தது, ஆனால் அதில் இருந்தது முறுக்கே அல்ல. முள்ளு முள்ளாக, அச்சில் பிழிந்த சக்லி. மும்பையில் அந்த வித்தியாசம் தெரியாத தமிழ் வீடு கிடையாது. "மாமி, எப்போலேர்ந்து சக்லி போட ஆரம்பிச்சேள்?" என்று முலுண்டிலிருந்து ஒருவர் கேட்டார். இன்னொரு வீட்டுப் பையன் லேண்ட்லைனில் கூப்பிட்டான்: "மாமி, உங்க போன் ஹேக் ஆயிடுத்து. எந்த லிங்கையும் தொடாதேங்கோ." அவனைக் குறை சொல்ல முடியாது. மாமி எழுதுகிற மாதிரி அதில் ஒரு எழுத்துகூட இல்லை.

சாயந்திரமே எண் முடங்கியது. பலர் புகார் பொத்தானை அழுத்தியிருப்பார்கள். அது இல்லாவிட்டாலும் இந்த மாதிரி மொத்த அனுப்பல் கருவிகளை வாட்ஸ்அப் விதிகள் அனுமதிப்பதில்லை. மறுபரிசீலனை கேட்டு, மூன்றாம் நாள்தான் எண் திரும்ப வந்தது. நடுவில் ஒரு கல்யாண ஆர்டர் கைநழுவியது. ஏஜென்சிக்காரர்கள் 'சர்வர் பிரச்சினை' என்றார்கள். மாமி என்னைக் கூப்பிட்டு அந்தச் செய்தியைக் காட்டி, "நான் எப்போடா இப்படியெல்லாம் பேசினேன்?" என்றார். பிறகு செய்த வேலை எல்லாம் இந்த ஒரு கேள்வியிலிருந்து வந்தது.

நோட்டைப் படிக்க வைத்தது

மாமியிடம் 2011 முதல் ஆர்டர் நோட்டுகள் இருந்தன. நீல மை, எண்ணெய்க் கறை. ஏ.ஐ.யை எழுத வைப்பதை ஓரமாக வைத்துவிட்டு முதலில் படிக்க வைத்தேன். பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, 'இதை அட்டவணையாக்கு' என்று கொடுத்தால் ஆச்சரியமாகப் படித்தது, கையெழுத்துத் தமிழைக்கூட. ஆனால் மாமியின் சுருக்கெழுத்தில் தடுக்கியது. 'தே' என்றால் தேன்குழல். அது தேங்காய் என்று எடுத்துக்கொண்டது. 'த' தட்டை. '7/51' என்றால் ஏழு சுற்று முறுக்கு 51 எண்ணம். அது தேதி என்று நினைத்து ஜூலை மாதத்தைத் தேடிக்கொண்டு போனது. 'உ.சீ', 'வெ.சீ' உப்புச் சீடையும் வெல்லச் சீடையும். மாமியை உட்கார வைத்து இருபத்தைந்து சுருக்கங்களுக்கு ஒரு பட்டியல் போட்டு, ஒவ்வொரு பக்கத்தோடும் அதையும் சேர்த்துக் கொடுத்த பிறகு பக்கத்துக்கு ஐந்தாறு தப்பு என்பது ஒன்றோ இரண்டோ ஆனது. அதையும் மாமியே மத்தியானம் படுத்துக்கொண்டு போனில் பார்த்துத் திருத்தினார்.

மூன்று வாரத்தில் ஒரு கூகுள் ஷீட் தயார். அதன் பத்திகள் இவை: யார், எந்தப் பேட்டை, என்ன வாங்கினார், எந்த விசேஷத்துக்கு, எந்த மாதம், பேசுகிற மொழி, செய்தி அனுப்பச் சம்மதம் உண்டா. கடைசிப் பத்தியை நான் வற்புறுத்திச் சேர்த்தேன். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இலேயே வந்திருந்தது, பின்னால் 2025 நவம்பரில் அதன் விதிகளும் வெளியாகிவிட்டன. முறுக்குக் கடையைத் தேடி யாரும் வரப்போவதில்லை என்று சொல்லலாம், ஆனால் ஏஜென்சி எண்களை அள்ளிக்கொண்டு போனதைப் பார்த்த பிறகு மாமிக்கே அதில் பிடிவாதம் வந்துவிட்டது. ஒவ்வொருவரையும் கேட்டார். நாற்பது பேர் போல வேண்டாம் என்றார்கள். அந்த வரிசைகளைச் சாம்பல் நிறமாக்கினோம்.

தினமும் காலையில் நடப்பது

ஷீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன ஆப்ஸ் ஸ்கிரிப்ட், அதாவது ஷீட்டோடு சேர்ந்து ஓடும் ஒரு நிரல். காலை ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் தானாக ஓடும். அன்றைக்கு யாருக்கு ஞாபகப்படுத்த வேண்டும் என்று விசேஷம், போன வருஷத் தேதி, பேட்டை இவற்றை வைத்துப் பதினைந்து இருபது பேரைப் பொறுக்கும். ஒவ்வொருவருக்கும் ஏ.ஐ.யிடம் இரண்டு வரி எழுதி வாங்கி ஷீட்டில் போடும். பெயரும் போன் எண்ணும் ஏ.ஐ.க்குப் போவதே இல்லை. 'வரிசை 214, போன வருஷம் வெல்லச் சீடை ஒரு கிலோ, நெருல்' என்றுதான் போகும். பெயர் திரும்பி வந்த பிறகு ஷீட்டில்தான் ஒட்டும். இலவசக் கணக்குகளில் நாம் கொடுப்பதை வைத்து ஏ.ஐ.யைப் பழக்குவதும் உண்டு என்பதால் இந்த ஜாக்கிரதை.

அனுப்புவது மட்டும் தானாக நடக்காது. ஒவ்வொரு வரிசைக்கும் பக்கத்தில் ஒரு வாட்ஸ்அப் லிங்க் இருக்கும். தொட்டால் அந்த நபரின் சாட் திறந்து, செய்தி ஏற்கெனவே தட்டியபடி நிற்கும். மாமி படித்து, வேண்டியதை மாற்றி, அனுப்பு பொத்தானை அமுக்க வேண்டும். இருபது செய்திக்குப் பத்து நிமிஷம். அடுப்பில் எண்ணெய் காய்கிற நேரம்.

'ஏன் முழுக்க ஆட்டோமேட் செய்யவில்லை' என்று ஆபீசில் கேட்டார்கள். அதிகாரபூர்வ வழி இருக்கிறது: வாட்ஸ்அப் பிசினஸ் ஏபிஐ, நிரல் வழியாகவே செய்தி அனுப்ப வாட்ஸ்அப் தருகிற வசதி. அதில் விளம்பரச் செய்திக்கு முன்கூட்டியே டெம்ப்ளேட் (செய்தியின் அச்சு) எழுதி வாட்ஸ்அப்பின் தாய் நிறுவனமான மெட்டாவிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். 2025 ஜூலை 1 முதல் போய்ச் சேருகிற ஒவ்வொரு விளம்பர டெம்ப்ளேட் செய்திக்கும் தனித்தனிக் கட்டணம். இந்தியாவில் விளம்பரச் செய்தி ஒன்றுக்கு ஒரு ரூபாய்க்கு உள்ளேதான், இடைத்தரகர் கட்டணமும் ஜிஎஸ்டியும் தனி. பணம் பெரிதில்லை. டெம்ப்ளேட்டில் காலி இடத்தை நிரப்பலாமே தவிர, ஆளுக்கு ஆள் பேச்சு மாறாது. ஐயாயிரம் வாடிக்கையாளர் உள்ள துணிக்கடைக்கு அது சரி. 600 பேருக்குக் கட்டைவிரல் போதும். வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பிலேயே ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்ட் இருக்கிறதே என்பார்கள். ஒரு லிஸ்டில் 256 பேர்தான், அதிலும் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே போய்ச் சேரும். மாமியின் எண்ணைப் பாதி வீட்டில் பாட்டிதான் சேமித்திருந்தார், மருமகள் இல்லை.

மாமி மாதிரி எழுத வைத்தது

இதற்குத்தான் அதிக நாள் ஆனது. 'நட்பாக எழுது', 'எளிய தமிழில் எழுது' என்று எத்தனை சொன்னாலும் அது விளம்பரத் தமிழுக்கே ஓடியது. கட்டளையை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்றியதில் கொஞ்சம் இறங்கி வந்தது. நிஜமான மாற்றம் வந்தது மாமியின் பழைய செய்திகளிலிருந்து முப்பதைப் பொறுக்கி, பெயர்களை நீக்கி, மாதிரியாகக் கொடுத்தபோது. கூட ஐந்தாறு தடை: வாடிக்கையாளரே என்று விளிக்காதே. பாரம்பரியம், சுவை, தருணம் என்ற சொற்கள் கூடாது. ஆச்சரியக்குறி கூடாது. இரண்டு வரிக்கு மேல் போகாதே. என்ன வாங்கினார் என்பதை வைத்துத் தொடங்கு. விலையை நீயாகச் சொல்லாதே.

அதற்குப் பிறகு வந்தது இப்படி: "சௌக்கியமா? போன தடவை உப்புச் சீடை கொஞ்சம் குறைஞ்சு போச்சுன்னு சொன்னேள். இந்தத் தடவை ஒரு கிலோவா எடுத்து வைக்கட்டுமா, வியாழக்கிழமைக்குள்ள சொல்லுங்கோ." மாமி படித்துவிட்டு, "நான்தான் எழுதினேனா?" என்று சந்தேகமாகக் கேட்டார்.

தடைப் பட்டியலில் பின்னால் சேர்ந்தது ஒன்று முக்கியம். வெல்லச் சீடைக்கு ஒரு நாள் அது 'இயற்கை இனிப்பு, சர்க்கரை நோயாளிகளும் சாப்பிடலாம்' என்று எழுதியது. வெல்லமும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். உணவு விளம்பரங்களில் என்ன சொல்லிக்கொள்ளலாம் என்பதற்கு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறையே இருக்கிறது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். மாமியின் சமையலறைச் சுவரில் எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க உரிம எண் தொங்குகிறது. உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை வந்தாலும் அந்த வரிசை சிவப்பாகட்டும் என்று ஸ்கிரிப்டில் போட்டுவிட்டேன். மாமியின் கணவருக்கே சர்க்கரை.

இரண்டு ஜெயந்தி

பண்டிகைத் தேதிகளை ஏ.ஐ.யிடம் கேட்டு வாங்கி ஷீட்டில் போட்டிருந்தேன். என் சோம்பல். 2025க்குக் கிருஷ்ண ஜெயந்தி ஆகஸ்ட் 16 என்றது. அது தப்பில்லை. ஆனால் அந்த வருஷம் அஷ்டமி ஆடி முடிகிற நாளிலேயே வந்துவிட்டது. ஆவணி பிறந்தது மறுநாள், 17ஆம் தேதி. ஆவணி மாதத்துக்கும் ரோகிணிக்கும் காத்திருக்கும் ஐயங்கார் வீடுகளுக்கு ஸ்ரீ ஜெயந்தி செப்டம்பர் நடுவில்தான். கிட்டத்தட்ட ஒரு மாத வித்தியாசம். காலைப் பட்டியலில் சீடைச் செய்தி எல்லோருக்கும் தயாராக நின்றது. மாமி மூன்றாவது வரிசையிலேயே நிறுத்தி, பாம்புப் பஞ்சாங்கத்தை எடுத்து வரச் சொன்னார்.

அன்று ராத்திரி ஷீட்டில் இன்னொரு பத்தி சேர்ந்தது: கோகுலாஷ்டமியா, ஸ்ரீ ஜெயந்தியா. 600 பேருக்கும் மாமி யோசிக்காமல் சொல்லிக்கொண்டே போனார், நான் தட்டினேன். நஷ்டமாகியிருக்க வேண்டியது லாபமானது இப்படித்தான். சீடை வேலை ஒரே வாரத்தில் குவியாமல் இரண்டு தவணையாகப் பிரிந்தது. வழக்கமாக அந்த வாரத்தில் ஆள் போதாமல் திண்டாடுவார்கள். இந்த முறை உருட்டவும் உலர்த்தவும் நேரம் இருந்தது. ஈரம் போகாமல் எண்ணெயில் போட்டால் சீடை வெடிக்கும், கையையும் முகத்தையும் பதம் பார்க்கும் என்பது செய்தவர்களுக்குத் தெரியும்.

தீபாவளிக்கு இதையே பேட்டைவாரியாகச் செய்தோம். அக்டோபர் 20 தீபாவளி. செப்டம்பர் கடைசி வாரத்தில் டோம்பிவிலிக்கும் முலுண்டுக்கும் மட்டும் செய்தி. ஒரே டெம்போவில் போய்விடும். அடுத்த வாரம் நெருல், வாஷி. மாதுங்காவும் சயானும் கடைசியில், அவர்கள் நடந்து வந்தே வாங்கிக்கொள்வார்கள். மொத்த ஆர்டர் 2024ஐவிடக் கொஞ்சம்தான் கூடியது. ஆனால் கடைசி நாலு நாளில் வந்தது கால்வாசிகூட இல்லை. திருப்பி அனுப்பியது நாலே பேரை. அந்தப் பெண்கள் தீபாவளிக்கு முந்தின நாள் மதியம் ஒரு மணிக்கே வீட்டுக்குப் போனார்கள். 'இத்தனை வருஷத்துல இதான் முதல் தடவை' என்று அவர்களில் மூத்தவர் சொன்னதை மாமி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

செலவு? ஏ.ஐ.க்கு மாதம் நூறு ரூபாயைத் தொடவில்லை. கூகுள் ஷீட்டும் ஸ்கிரிப்டும் இலவசம். என் நேரம் ஞாயிற்றுக்கிழமைகள், கூலி தேன்குழல்.

எடுபடாதவை: இன்ஸ்டாகிராமில் வாரம் மூன்று பதிவு தானாகப் போகிற மாதிரி வைத்தேன். லைக் வந்தது, ஆர்டர் வரவில்லை. இரண்டு மாதத்தில் நிறுத்தினேன். எதிர்பாராமல் எடுபட்டது மராத்தியும் குஜராத்தியும். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் கூகுள் மேப்பைப் பார்த்து 'சக்லி இருக்கா, வெங்காயம் பூண்டு போடுவீங்களா' என்று அவரவர் மொழியில் கேட்பார்கள். முன்பு மாமி பதிலே போட மாட்டார். இப்போது தமிழில் சொல்கிறார், ஏ.ஐ. மொழி மாற்றித் தருகிறது. கீழ்ப் பால்கடைக்காரர் முதல் பத்து மராத்தி பதிலைப் பார்த்து இரண்டு இடத்தில் மட்டும் திருத்தினார். மாமிக்குத் தெரிந்த மொழியில் இடறிய கருவி, தெரியாத மொழியில் கைகொடுத்தது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

இந்த வருஷம் பண்டிகை இல்லாத வீடு

கடைசியாக ஒன்று. அக்டோபர் முதல் வாரம் ஒரு நாள் மாமிக்குக் காய்ச்சல். பட்டியலை நான் பார்த்து நானே அனுப்பினேன். செய்திகள் எல்லாம் சரியாக, மாமியின் குரலில் இருந்தன. பத்தாவது நிமிஷம் செம்பூரிலிருந்து பதில் வந்தது: "இந்த வருஷம் எங்களுக்குப் பண்டிகை இல்லை."

ஜூனில் அந்த வீட்டுத் தாத்தா போய்விட்டார். மாமி துக்கம் கேட்கப் போய்வந்திருக்கிறார். ஷீட்டுக்கு அது தெரியாது, எனக்கும் தெரியாது. அவர்கள் கோபப்படவில்லை. ஆனால் 'போன வருஷம் அதிரசம் ரெண்டு கிலோ வாங்கிண்டேள்' என்று தொடங்கிய அந்தச் செய்தியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அதிரசம் யாருக்குப் பிடிக்கும் என்று அதன் பிறகுதான் மாமி சொன்னார்.

காய்ச்சலோடு மாமி மேலே வந்து ஷீட்டைத் திறக்கச் சொன்னார். அப்படிப்பட்ட வீடுகள் பதினொன்று இருந்தன. ஒவ்வொன்றாகக் காட்டினார். நான் 'அனுப்ப வேண்டாம்' என்று தட்டிக்கொண்டே வந்தேன்.

"அது மட்டும் போட்டா மறந்துடுவேன்டா," என்றார். "அவாத்துல இந்த வருஷம் வாணலி வைக்க மாட்டா. நாமதான் கொண்டு போய்க் கொடுக்கணும்."

அந்தப் பத்தியில் இப்போது மூன்று தேர்வுகள் இருக்கின்றன: அனுப்பு, அனுப்பாதே, பொட்டலம் மட்டும். மூன்றாவது உள்ள வீடுகளுக்கு ஸ்கிரிப்ட் எந்தச் செய்தியும் எழுதாது. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் மாமியின் போனுக்கு மட்டும் ஒரு பட்டியல் வரும், பேட்டைவாரியாக, யாருக்கு என்ன பிடிக்கும் என்பதோடு. செம்பூர் வரிசையில் அதிரசம் என்று இருக்கிறது. அளவு காலி, அதை மாமி கையால் எடுத்துப் போட்டுக்கொள்வார்.